எழுநூற்று இருபது சொம்பு

லாரி என்று சொன்னால் மிகை. கும்பகோணத்திலிருந்து வந்தது ஒரு சின்ன லோடு வண்டிதான். ஆனால் அதிலிருந்து இறங்கிய மூட்டைகள் எங்கள் பாத்திரக் கடை வாசலை அடைத்தன, பக்கத்துப் பூக்கடை வாசலை அடைத்தன, ராஜகோபுரம் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வடநாட்டு யாத்திரைக் கோஷ்டியை நடுத்தெருவுக்குத் தள்ளின. பூக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

காதர் பாய் ஒரு மூட்டையைப் பிரித்தார். வைக்கோலுக்குள் கையை விட்டு ஒரு பித்தளைச் சொம்பை எடுத்தார். அரை லிட்டர் பிடிக்கிற சொம்பு. மறுபடி கையை விட்டார். சொம்பு. அடுத்த மூட்டையைப் பிரித்தார். அதிலும் சொம்பு.

"எல்லாமே சொம்பாக்கா?"

"எல்லாமே சொம்புதான் பாய்."

"எத்தினி?"

"எழுநூத்தி இருபது."

காதர் பாய் இருபத்தைந்து வருஷமாக அந்தக் கடையில் விற்பனை பார்க்கிறவர். வாடிக்கையாளர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்தைப் பார்த்தே அண்டா வாங்க வந்தவரா, கரண்டி வாங்க வந்தவரா என்று சொல்லிவிடுவார். அவர் கையிலிருந்த சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

"எந்தக் கோயில் கும்பாபிஷேகத்துக்காச்சும் காண்ட்ராக்ட் எடுத்திருக்கோமா?"

"கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கு பாய். பொறுத்துப் பாருங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அன்று செவ்வாய்க்கிழமை. வருகிற வெள்ளிக்கிழமை புத்தூரில் இரண்டாவது கடைக்கு முன்பணம் கொடுப்பதாக இருந்தோம். கொடுக்கப் போவது நான். என் பணி ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி. அதைக் கொடுக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்வதற்காக நான் போட்ட பெரிய திட்டம் ஒன்று உண்டு. அந்தத் திட்டத்தைத் தாங்கி நின்றதே இந்தச் சொம்புதான். அது தெரிந்தால்தான் நான் அடுத்த நாள் பட்ட பாடு புரியும்.

ஒரே வீட்டில் இரண்டு ரிட்டயர்டு

என் பிரிவுபசார விழாவைப் பற்றி முன்பு இதே பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டுக் கரூர் வாசகி ஒருவர், "அன்று போர்த்திய சால்வை இப்போது எங்கே?" என்று கேட்டிருந்தார். ஃப்ரிட்ஜ் மேல் விரித்திருக்கிறது அம்மா. அதன்மேல் டார்ச் லைட்டும் தைலமும் இருக்கின்றன.

கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவள் நான். ஸ்டோர்ஸ் என்றால் சாமான் அறை. ஒரு போல்ட் உள்ளே வந்தால் ஒரு அட்டையில் எழுத வேண்டும். வெளியே போனால் அதே அட்டையில் கழிக்க வேண்டும். அட்டையில் இருக்கிற எண்ணும் பெட்டியில் இருக்கிற போல்ட்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, மற்றவர்களையும் தூங்க விடமாட்டேன்.

என் வீட்டுக்காரருக்கும் அதே தொழிற்சாலைதான். எனக்கு ஒரு வருஷம் முன்னால் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட்டுக்கு வந்தோம். வந்த மூன்றாம் நாள் அவர் கேஸ் சிலிண்டர் மேல் தேதி எழுதிய காகிதத்தை ஒட்டினார். பத்தாம் நாள் துவரம் பருப்பு டப்பாவை எடை போட்டார். "போன மாசத்தைவிட இந்த மாசம் முன்னூறு கிராம் கூடுதலா போயிருக்கே?" என்று கேட்டார்.

முப்பது வருஷம் ஊரார் சாமானுக்கு ஸ்டாக் எடுத்தவள் நான். என் பருப்புக்கு இன்னொருத்தர் ஸ்டாக் எடுப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அன்றே பையை எடுத்துக்கொண்டு என் தம்பி சேகரின் பாத்திரக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். சும்மா உட்காரத் தெரியாத ஆள் ஆகையால் மெல்ல மூக்கையும் நுழைத்தேன்.

மூன்று பேர், மூன்று கடை

வெளியிலிருந்து பார்க்க அது ஒரு கடை. உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று கடை இருந்தது.

ஒன்று, காதர் பாயின் கடை. அதில் என்ன விற்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். இரண்டாவது, மாடியில் கிடங்கு பார்க்கிற செல்வியின் கடை. அதில் என்ன இருக்கிறது என்பது செல்விக்கு மட்டும் தெரியும். மூன்றாவது, சேகரின் சட்டைப் பை. எவ்வளவு பணம் இருக்கிறது, யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பைக்குள், பஸ் டிக்கெட் அளவுக்கு மடித்த காகிதங்களில் இருந்தது. மூன்று பேரும் தங்கமானவர்கள். ஒருவருக்கொருவர் எதையும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் போன முதல் வாரமே கூத்து நடந்தது. இட்லிக் குண்டான் விலை இறங்கியிருக்கிறது என்று சேகர் இருநூறு குண்டான் வாங்கிப் போட்டான். மூட்டையை மாடிக்கு ஏற்றும்போது செல்வி சொன்னாள், "அண்ணே, இங்க ஏற்கனவே முன்னூறு குண்டான் கெடக்கே." அதே வாரம் பிரஷர் குக்கர் கேட்டு வந்தவர்களையெல்லாம் காதர் பாய் கும்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். குக்கர் வாங்கப் பணமில்லை. பணமெல்லாம் குண்டானாக மாடியில் இருந்தது.

"ஏண்டா, வாங்கறதுக்கு முந்தி செல்வியைக் கேக்க மாட்டியா?" என்றேன்.

"அவ மேல இருக்காக்கா. நான் கீழ இருக்கேன்."

பதினான்கு படி. எண்ணிப் பார்த்தேன்.

விற்பனை, இருப்பு, பணம் இந்த மூன்றும் ஒன்றையொன்று பார்த்துப் பேசுகிற மாதிரி செய்யாவிட்டால் இந்தக் கடை உருப்படாது என்று தம்பியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவன் எதற்கும் மறுப்புச் சொல்லாத சுபாவம். "நீ பார்த்துக்கக்கா" என்றான்.

தண்ணீரோடு போன குடம்

துவாக்குடியில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிற பிரியா என்ற பெண்ணைப் பிடித்தேன். இன்ஜினியர். பொறுமைசாலி. எனக்கும் அவளுக்கும் நல்ல ஒட்டுதல் ஏற்பட்டது, இரண்டு பேருக்கும் பட்டியல் என்றால் உயிர் என்பதால்.

அவள் ஏற்பாடு எளிமையானதுதான். ஒவ்வொரு பாத்திரத்திலும் கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர். விற்கும்போது அதை மிஷினில் காட்டினால் பில் வரும். அந்த நிமிஷமே இருப்பிலிருந்து ஒன்று குறையும், வந்த பணம் கணக்கில் ஏறும். மாதக் கடைசியில் எது ஓடுகிறது, எது தூங்குகிறது, எதை எவ்வளவு வாங்கலாம், அதற்குக் கையில் பணம் இருக்கிறதா என்று மொத்தத்தையும் ஒரே தாளில் அடித்துக் கொடுத்துவிடும்.

ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலையை ஐந்து பேர் மூன்று நாள் செய்தார்கள். ஒட்டுகிற வேகத்தில் கடையில் நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்துக்கும் ஒட்டிவிட்டார்கள். லால்குடியிலிருந்து வந்த ஒரு அம்மாள் அதைப் பிடித்துப்போய் வாங்கினார். மிஷினில் காட்டியதும் பில்லும் வந்துவிட்டது. தூக்கும்போது கனத்தது. "நல்ல கெட்டியான குடம்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வாசல்வரை போய்விட்டார். காதர் பாய் பின்னாலேயே ஓடிப்போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தார்.

இந்த மாதிரி அசம்பாவிதங்கள் கூடாதென்று நான் ஒரு போர்டு எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். "பில் இல்லாமல் ஒரு டம்ளர்கூட இடம் மாறக் கூடாது." தொழிற்சாலை நினைப்பு. கடையில் எல்லோரும் அந்த போர்டைச் சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

இன்னொரு சீர்திருத்தமும் செய்தேன். செலவுப் பட்டியலில் டீச் செலவு பூதாகரமாக இருந்தது. ஏழு பேர் வேலை செய்கிற கடையில் ஒரு கல்யாணத்துக்கு ஆகிற டீ ஒவ்வொரு நாளும் ஆகிறதா? இரண்டாவது டீயை நிறுத்தினேன். என்ன ஆச்சரியம், அதற்கப்புறமும் டீச் செலவு குறையவே இல்லை. ஒளிந்து குடிக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

என் கண்ணில் பட்ட சொம்பு

எட்டரை மாதம் ஓடியது. அப்போதுதான் சேகர் புத்தூர்க் கடைப் பேச்சை எடுத்தான். மெயின் ரோட்டில் பெரிய இடம், நல்ல இடம், விட்டால் போய்விடும். கையில் பணம் போதாது. "அக்கா, நீ கொஞ்சம்..." என்று இழுத்தான்.

கொடுக்க எனக்கு மனம் இருந்தது. ஆனால் கணக்கில்லாமல் நான் கொத்தமல்லிகூட வாங்கமாட்டேன். பிரியாவை வரவழைத்து எட்டரை மாதப் புள்ளிவிவரத்தையும் அடிக்கச் சொன்னேன்.

அதில் ஒரு வரி என்னைப் பிடித்து இழுத்தது. பித்தளைச் சொம்பு, அரை லிட்டர். அநேகமாகத் தினமும் ஒன்று விற்றிருந்தது. ஆடி மாதம் ஈ ஓட்டிய நாளிலும் விற்றிருந்தது. மழை கொட்டி ஊரே வீட்டுக்குள் கிடந்த நாளிலும் விற்றிருந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினைந்து. அதைவிட அதிசயம், இருப்பு. முதலில் பதிவானது ஒரே ஒரு சொம்பு. ஆகவே இருப்பு என்ற இடத்தில் கழித்தல் இருநூற்றுப் பதினான்கு என்று சிவப்பில் அடித்திருந்தது.

"மேடம், இல்லாத பொருளை விக்க முடியாது. எங்கயோ தப்பு இருக்கு. கடைல ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள் பிரியா.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? வந்த சரக்கைச் செல்வி வரவு வெச்சிருக்க மாட்டா" என்றேன்.

சில நாட்கள் மட்டும் சொம்பு விற்கவில்லை. அந்த நாட்களை வட்டம் போட்டு, "சரக்குத் தட்டுப்பாடு" என்று ஓரத்தில் எழுதினேன். முப்பது வருஷ அனுபவம் அல்லவா.

மாதத்துக்கு இருபத்தைந்து சொம்பு. ஆறு மாதத்துக்கு நூற்றைம்பது. புத்தூரும் சேர்ந்தால் முந்நூறு. பழைய பற்றாக்குறை இருநூற்றுப் பதினான்கு. ஆக ஐந்நூற்றுப் பதினான்கு என்றது கம்ப்யூட்டர். பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று அதை அறுபது டஜன் ஆக்கியது என் சொந்தப் புத்தி. ஆவணி முகூர்த்தத்துக்குக் குக்கர் வாங்கவென்று காதர் பாய் கேட்டு வைத்திருந்த பணத்தையும் இதற்கே திருப்பிவிட்டேன். "குக்கர் கல்யாண மாசத்துலதான் ஓடும் பாய். இது அன்றாடம் ஓடுது" என்றேன். அவர் வாயைத் திறந்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அப்படித்தான் அந்த லோடு வண்டி வந்தது.

திருடனைப் பிடிக்கப் போனது

மூட்டைகளை மாடிக்கு ஏற்றி முடித்த செல்வி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"மேடம், இதே சொம்பு பழசு பதினோரு உருப்படி பரண் மேல கெடக்கு. உங்க கணக்குல ஏறாம விட்டுப்போச்சு. நான் வந்த நாள்லேந்து ஒண்ணுகூட யாரும் எடுக்கச் சொன்னதில்ல. அதையும் இதோட சேத்துரட்டா?"

கிடங்கிலிருந்து ஒரு சொம்புகூட இறங்கவில்லை. கீழே இருநூற்றுப் பதினைந்து விற்றிருக்கிறது. அப்படியானால் விற்றது யாருடைய சொம்பு? யாரோ வெளியிலிருந்து சொம்பு கொண்டுவந்து நம் கடையில் வைத்து விற்கிறான்! தொழிற்சாலையில் இப்படி ஒரு தில்லுமுல்லு நடந்து நான் பிடித்ததுண்டு.

வீட்டில் சமையலை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் நான் கடைக்குப் போவது வழக்கம். பில்களைப் பார்த்தால் சொம்பெல்லாம் ஒன்பதே முக்காலுக்கு விற்றிருந்தது. நான் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்கிறான், படுபாவி.

புதன்கிழமை காலை எட்டரைக்கே கிளம்பினேன். "எங்கே?" என்றார் வீட்டுக்காரர். "திருடனைப் பிடிக்க" என்றேன். "வரும்போது அரைக் கிலோ துவரம் பருப்பு" என்றார்.

கடைக்கு எதிர்த்தாற்போல டீக்கடை. அங்கே ஸ்டூலைத் தூணுக்குப் பின்னால் நகர்த்திப் போட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர், "என்னக்கா, தலைவலியா?" என்றார். பேசாமலிருக்கச் சொன்னேன்.

ஒன்பதுக்கு ஷட்டர் தூக்கினார்கள். தண்ணீர் தெளித்தார்கள். சேகர் கற்பூரம் காட்டினான். பெருமாளைச் சேவிக்கப் போகிற கூட்டம் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பூக்கடையில் நின்றார்கள், துளசி மாலை வாங்கினார்கள். அண்டா வாங்க யார் கோயிலுக்கு வருகிறார்கள்? சேகர் கல்லாவில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதரை. ஒன்பது நாற்பது.

பிறகு எழுந்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்தான். சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தான். பில் போடுகிற பெண்ணிடம் இரண்டையும் நீட்டினான். அவள் சொம்பை மிஷினில் காட்டினாள், பில் வந்தது, பணத்தைக் கல்லாவில் போட்டாள். சேகர் பில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சொம்பைத் துணியால் ஒரு துடை துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தான்.

நான் தலையில் போட்ட முந்தானையோடு தெருவைத் தாண்டி ஓடினேன்.

"டேய்! என்னடா பண்றே?"

"போணிக்கா" என்றான் சாவதானமாக.

முதல் வியாபாரம். அது நடந்தால்தான் அன்றைய நாள் ஓடும் என்பது எல்லாக் கடைக்காரர்களுக்கும் உள்ள நம்பிக்கை. யாரும் வராத நாளில் தானே வாங்கித் தானே போணி செய்துகொள்வான் போலிருக்கிறது.

"அதுக்கு ஏண்டா பில்லு?"

"முன்னாடில்லாம் சும்மாதான் காசைப் போட்டுக் கண்ல ஒத்திக்குவேன். நீதானக்கா போர்டு மாட்டுன, பில் இல்லாம டம்ளர்கூட நகரக் கூடாதுன்னு."

"சரி, சாயங்காலம் ரிட்டர்ன் போட்டிருக்கலாம்ல?"

பின்னாலிருந்து காதர் பாயே பதறிப்போய் வந்தார். "என்னாக்கா பேசறீங்க? போணியப் போய் ரிட்டர்ன் எடுப்பாங்களா?"

"காசு? உன் காசு கல்லாவுல போயிருச்சே?"

சேகர் தலையைச் சொறிந்தான். "அது சாயங்காலம் எடுத்துக்குவேன். கணக்குல ஏதாச்சும் எழுதணுமில்ல... டீன்னு எழுதிருவேன்."

ஆக, விற்பனைக் கணக்கில் சொம்பாகவும், இருப்புக் கணக்கில் கழித்தலாகவும், செலவுக் கணக்கில் டீயாகவும் நுழைந்திருந்தது ஒரே ஒரு சொம்பு. நான் கேட்ட மாதிரியே மூன்று கணக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. போதாததற்கு அந்த ஒற்றைச் சொம்புக்கு இருநூற்றுப் பதினைந்து தடவை ஜிஎஸ்டியும் கட்டியிருக்கிறோம்.

காதர் பாய்தான் முதலில் சிரித்தார். பிறகு பில் போடுகிற பெண். மாடியிலிருந்து இறங்கி வந்து விஷயத்தைக் கேட்ட செல்வி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. இரண்டாவது டீயை அந்த நிமிஷமே மீண்டும் அனுமதித்தேன்.

வட்டம் போட்ட நாட்கள்

சிரிப்பு மத்தியானம்வரைதான் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போடுவதற்காக எடுத்தேன். வட்டம் போட்டு "சரக்குத் தட்டுப்பாடு" என்று எழுதியிருந்தேனே, அந்த நாட்கள் கண்ணில் பட்டன. அந்த நாட்களில் சேகர் ஏன் சொம்பு வாங்கவில்லை? காலையில் நிஜமாகவே யாரோ வந்திருக்கிறார்கள். வந்ததால் போணி தானாக ஆகியிருக்கிறது.

அப்படியானால் மற்ற இருநூற்றுப் பதினைந்து காலையும் ஒருத்தர்கூட வரவில்லை.

தொழிற்சாலையில் எத்தனையோ எண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு எண்ணைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான். இருநூற்றுப் பதினைந்து காலை என் தம்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்திருக்கிறான். நான் பதினொரு மணிக்குப் போய், "ஏண்டா ஸ்டிக்கர் கோணலா ஒட்டியிருக்கு?" என்று அதட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காலைல யாருமே வர்றதில்லையாடா?"

"பதினொண்ணு பன்னெண்டுக்கு வந்துருவாங்கக்கா."

"முன்னாடி?"

"முன்னாடில்லாம் ஷட்டர் தூக்கறப்பவே நிப்பாங்க. இப்ப எல்லாம் போன்லயே வாங்கிடறாங்க." ஒரு தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்க வேண்டிய தட்டு இல்லை அது. "கோயிலுக்குப் போறவங்க கடையைப் பாத்துக்கிட்டே போவாங்க. நானும் அவங்களப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"இந்த லட்சணத்துல புத்தூர்ல எதுக்குடா இன்னொண்ணு? என்கிட்ட சொல்ல வேணாமா?"

துடைத்த தட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"அங்க ஆஸ்பத்திரி நெறையக்கா. விடியறப்பவே ஜனம் நடமாடும். காலைல யாராச்சும் ஒருத்தர் உள்ள ஏறி வரணும்க்கா. அதான்."

இதுதான் என் தம்பியின் நிதித் திட்டம். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏற்ற முடியாதது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நோட்டு

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. கொடுப்பதா, வேண்டாமா? மூளை வேண்டாம் என்றது. மூளை சொன்னதைக் கேட்டு அறுபது டஜன் சொம்பு வாங்கியவள் ஆகையால் கொஞ்சம் யோசித்தேன்.

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் காதர் பாயையும் கூட்டிக்கொண்டு புத்தூர் போனேன். ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். உள்ளே போகிறவர்கள் கையில் என்ன இருக்கிறது, அலைகிறவர்கள் எதைத் தேடி அலைகிறார்கள் என்று ஆளுக்கொரு நோட்டில் குறித்தோம். வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார். "எல்லாரையும்" என்றார் காதர் பாய்.

எட்டு மணிக்கு இரண்டு நோட்டையும் ஒப்பிட்டோம். ஃப்ளாஸ்க். டம்ளர். ஸ்பூன். சின்ன கேரியர். பக்கெட், மக். அவசரமாக வந்து சேர்ந்தவர்கள், எதையும் எடுத்துவராதவர்கள், காலை ஆறு மணிக்கு எங்கே வாங்குவது என்று தெரியாமல் நிற்கிறவர்கள்.

"அண்டா, குண்டான் ஒண்ணும் வேணாங்க்கா. பெரிய எடமும் வேணாம்" என்றார் காதர் பாய். "பத்துக்குப் பத்து போதும். ஆனா அஞ்சரைக்குத் தொறக்கணும்."

கட்டட ஓனரைப் பார்த்துப் பெரிய இடத்தை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில் அவருக்கே இருந்த சின்னப் போர்ஷனைப் பேசினோம். முன்பணம் கால்வாசியாயிற்று. வெள்ளிக்கிழமை கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் மூன்று தடவை எண்ணினேன். இந்தத் தடவை அறிக்கையில் இருந்தது நானே கண்ணால் பார்த்த கணக்கு. ஆனாலும் என் பணம் அல்லவா.

பிரியாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. படித்த பெண். "கடைல ஒரு வார்த்தை கேக்கச் சொன்னேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போணிக்கென்று சாஃப்ட்வேரில் தனியாக ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தாள். அதை அழுத்தினால் பில் வரும், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், எந்தக் கணக்கிலும் ஏறாது.

சொம்புகள்? அந்த ஆவணி முழுக்கக் காதர் பாய் கல்யாண மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கினார். தாம்பூலத்தோடு கொடுக்கப் பித்தளைச் சொம்பு, லட்சுமி கடாட்சம் என்று அவர் சொல்லச் சொல்ல, பெண் வீட்டுக்காரர்கள் ஐம்பது, நூறு என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னும் நூற்றுச் சொச்சம் பாக்கி இருக்கிறது. படிக்கிறவர்கள் வீட்டில் விசேஷம் ஏதாவது இருந்தால் சொல்லியனுப்புங்கள். இந்த வரியை விளம்பரம் என்று ஆசிரியர் வெட்டாமலிருக்க வேண்டும்.

புத்தூர்

நல்ல நாள் பார்த்துத் திறந்தோம். பந்தல், மைக்செட் எதுவும் இல்லை. சேகர், காதர் பாய், நான். விடிகாலை ஐந்தரை. வழியெல்லாம் சேகர் சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான். இங்கேயும் தன் காசிலேயே போணி பண்ண வேண்டியிருக்குமோ என்று பணம் எடுத்து வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை.

ஷட்டரின் பூட்டைத் திறந்தான். குனிந்து இடுப்பளவு தூக்கினான். அதற்குள் எங்கிருந்தோ ஒரு ஆள் ஓடிவந்தார். லுங்கி, கசங்கின சட்டை, தூங்காத கண். பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து தலையை உள்ளே நீட்டினார்.

"அண்ணே, ஃப்ளாஸ்க் இருக்கா? சுடுதண்ணி கேக்கறாங்க. பொண்ணு பொறந்திருக்கு."

சேகர் ஷட்டரைப் பிடித்தபடியே நின்றான். காதர் பாய்தான் உள்ளே புகுந்து விளக்கைப் போட்டு ஃப்ளாஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் பணத்தைச் சேகர் கையில் வைத்தார்.

சேகர் அந்தப் பணத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா" என்றான். "ஆள் வந்துட்டாங்க."

அந்த மனிதர் எனக்கு இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தார். நான் அவரை நன்றாகவே பார்த்தேன். ஆனாலும், "எங்கடா?" என்று கேட்டேன். அவன் இன்னொரு தடவை சொல்லட்டும் என்றுதான்.